யானைக் கணக்கு

ஒரு சரித்திர நாவல் எழுத வேண்டும் என்று ஒரு காலத்தில் எனக்கு ஆசை இருந்தது. அதற்காக இரண்டு வருஷம் புத்தகங்களைப் புரட்டினேன். நோட்டுப் புத்தகங்கள் ஐந்து நிரம்பின. கதாநாயகனுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. கடைசியில் ஓர் அத்தியாயமும் எழுதாமல் அந்த நோட்டுகளைக் கயிற்றால் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். "என்ன ஆயிற்று உங்கள் மதுரை நாவல்?" என்று யாராவது கேட்டால், கண் சரியில்லை என்றோ, கால அவகாசம் இல்லை என்றோ சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டு வந்தேன். உண்மையான காரணம், சிவகாசியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிய ஒரு பெரியவர். அதை இன்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஊர் விருதுநகர். மதுரையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். மிளகாய் வற்றலும் பருப்பும் எண்ணெயும் கைமாறும் ஊர். அங்கே பிறந்த குழந்தைக்குத் தாலாட்டுக்கு முன்னால் தராசுச் சத்தம் காதில் விழும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்குச் சரித்திர நாவல் ஆசை ஏன் வந்தது என்று கேட்கலாம். மதுரைதான் காரணம். சின்ன வயதில் சித்திரைத் திருவிழாவுக்கு அழைத்துப் போவார்கள். அந்தக் கோயில் ஒரு காலத்தில் பாழாகிக் கிடந்தது என்று யாரோ சொன்னார்கள். யார் பாழாக்கினார்கள், எத்தனை வருஷம் பாழாக இருந்தது, அப்போது அந்தத் தெருக்களில் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டால் ஒருவரும் விவரமாகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

வளர்ந்த பிறகு தேடிப் பார்த்தேன். 1310இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இறந்தான். மகன் சுந்தர பாண்டியனே அவனைக் கொன்றான் என்று பாரசீக நூலொன்று சொல்லுகிறது. சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்டிருந்த சமயத்தில், 1311இல், தில்லி அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்தான். ஏப்ரல் மாதம் மதுரையைக் கொள்ளையிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். பிறகு தில்லியின் பிரதிநிதியாக இங்கே இருந்த ஜலாலுதீன் அஹ்சன் 1335ஐ ஒட்டித் தன்னையே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டான். அது முதல் சுமார் 40 ஆண்டுகள் மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து அந்த ஆட்சியை முடித்தான். இவ்வளவுதான் பாடப் புத்தகத்தில் இருக்கும். ஒரு பாராவில் அடங்கிவிடும்.

ஒரு நாவலாசிரியனுக்கு ஒரு பாரா போதுமா? கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் கோயிலொழுகு இருக்கிறது. குமார கம்பணனின் மனைவி கங்காதேவி சம்ஸ்கிருதத்தில் பாடிய மதுரா விஜயம் இருக்கிறது. அதன் சுவடி 1916இல்தான் திருவனந்தபுரத்தில் அகப்பட்டது, அதுவும் அரைகுறையாக. மற்றபடி அந்தக் காலத்து விவரம் வேண்டுமானால் பாரசீக நூல்களிடமும் ஓர் அரபு நூலிடமும்தான் போய் நிற்க வேண்டும்.

எனக்குப் பாரசீகம் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளைத்தான் படித்தேன். எலியட், டௌசன் என்ற இரு ஆங்கிலேயர் 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டவை பிரசித்தம். ஆனால் அவற்றைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. முந்திய அரசர்கள் எவ்வளவு கொடியவர்கள் என்று காட்டினால், ஆங்கில ஆட்சியின் அருமை ஜனங்களுக்குத் தெரியும் என்பது எலியட்டின் எண்ணம். அதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆகவே வெட்டும் குத்துமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

நம் சென்னையும் இதில் பின்தங்கிவிடவில்லை. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921லேயே தென்னிந்தியாவின் மீது நடந்த இந்தப் படையெடுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமீர் குஸ்ரூவின் நூலை முகம்மது ஹபீப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அதற்கு முன்னுரை எழுதியவரும் அவரே. ஆற்காட்டு நவாபுகளைப் பற்றிய பாரசீகச் சரித்திரத்தை முகம்மது ஹுசைன் நைனார் மொழிபெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இசாமி என்ற கவி 1350இல் தக்காணத்தில் எழுதி முடித்த சரித்திரக் காவியத்தின் பாரசீக மூலத்தையே 1948இல் அந்தப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், சென்னையில், 14ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் காவியம் ஒன்றை யாரோ உட்கார்ந்து அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கிற்று. பாரசீக மொழியில் சரித்திரம் எழுதுவது ஒரு தனிக் கலை. 'தாரீக்' என்ற சொல்லுக்குத் தேதி என்றும் பொருள், சரித்திரம் என்றும் பொருள். நம்மிடம் மெய்க்கீர்த்தி உண்டு. அரசன் வென்ற நாடுகளை அடுக்கிச் சொல்லும். நிலத்தின் நான்கு எல்லையையும் கல்வெட்டு பிசகாமல் சொல்லும். ஆனால் அந்த அரசன் கோபம் வந்தால் என்ன செய்வான், யாரைக் கண்டு பயப்படுவான் என்பதை அதில் காண முடியாது. பாரசீக ஆசிரியர்களிடம் அது கிடைக்கும். 11ஆம் நூற்றாண்டில் கஜினி அரசவையில் காரியதரிசியாக இருந்த பைஹகி என்பவர் ஒருவர். ஹஸனக் என்ற மந்திரியை அரச கட்டளைப்படி கொன்ற சம்பவத்தை அவர் எழுதியிருக்கிறார். கல்லெறியச் சொன்னபோது கூட்டத்தில் ஒருவரும் கல்லைத் தொடவில்லை என்றும், எல்லோரும் அழுதார்கள் என்றும், பிறகு காசு கொடுத்துச் சில போக்கிரிகளை எறியச் செய்தார்கள் என்றும் எழுதுகிறார். அரசாங்கச் சம்பளம் வாங்கியவர் எழுதியது இது!

எல்லோரும் அப்படி இல்லை. வஸ்ஸாஃப் என்ற ஒருவர் ஈரானில் மங்கோலிய அரசர்களிடம் இருந்தவர். பாண்டிய நாட்டைப் பற்றி அருமையான தகவல்கள் தருகிறார். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை உள்ள கரைக்கு அரபுகள் வைத்த பெயர் மாபார்; கடந்து செல்லும் துறை என்று அர்த்தம். அந்தக் கரைக்கு வருஷத்துக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்து இறங்கின, ஒவ்வொன்றுக்கும் விலை 220 பொன் தீனார் என்கிறார். இங்கே அந்தக் குதிரைகளுக்கு நெய்யில் சமைத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்களாம்! அந்த அரபுக் குதிரைகளை நினைத்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. காயல் துறைமுகம் ஓர் அரபு வியாபாரியின் பொறுப்பில் இருந்தது. அவர் பாண்டியனின் மந்திரியும்கூட. மாலிக் காபூர் வருவதற்கு முன்பே முஸ்லிம்கள் இங்கே வியாபாரிகளாகவும் மந்திரிகளாகவும், வீர பாண்டியன் படையில் வீரர்களாகவும் இருந்தார்கள்.

ஆனால் வஸ்ஸாஃபின் நடை இருக்கிறதே, அது கரடுமுரடான அலங்காரம். 1312இல் அவர் தமது நூலைச் சுல்தான் உல்ஜாய்த்துவின் முன்னிலையில் வாசித்துக் காட்டினார். சுல்தானுக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனாலும் பரிசும் பட்டமும் கொடுத்து அனுப்பினார். நம் பத்திரிகைகளிலும் சில சமயம் இப்படி நடப்பதுண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

அமீர் குஸ்ரூவின் நூல் 1311, 1312இலேயே எழுதப்பட்டது. அவர் பெருங்கவி. தமது இன்னொரு காவியத்தில் இந்தியாவின் மொழிகளை எண்ணும்போது 'மாபாரி' என்று ஒன்றைச் சொல்லுகிறார். அது நம் தமிழ்தான் என்பது அறிஞர்களின் முடிவு. அவர் அலாவுதீனின் வெற்றிகளை வசனத்தில் எழுதும்போது ஒரு விளையாட்டு விளையாடுகிறார். ஒரு பத்தியில் தண்ணீர் சம்பந்தமான சொற்களாகவே வரும். அடுத்த பத்தியில் நெருப்பு. அதற்கடுத்து சதுரங்கம். பாண்டிய நாட்டில் பெய்த மழையில் படை திண்டாடியதும், கோயில் எரிந்ததும், மனிதர் செத்ததும் இந்தச் சிலேடைகளுக்குள் ஜொலிக்கின்றன. படித்துவிட்டு எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் பரணிகளில் பேய்கள் கூழ் அடுவதை ரசிக்கிறோமே, அது யாருடைய ரத்தம்? கங்காதேவி பாடியதும் வெற்றிதான். வெற்றியைப் பாடுகிறவர்கள் எந்த மொழியில் பாடினாலும் ஒரே குடும்பத்தார்.

இந்தச் சமயத்தில்தான் யானைக் கணக்கு வந்து குறுக்கிட்டது. மாலிக் காபூர் தெற்கிலிருந்து கொண்டு போனவை 512 யானைகள், 5,000 குதிரைகள், 500 மணங்கு ரத்தினங்கள் என்று குஸ்ரூ எழுதுகிறார். அதே கொள்ளையைப் பற்றி ஜியாவுதீன் பரணி 1357இல் எழுதும்போது, 612 யானைகள், 20,000 குதிரைகள், 96,000 மணங்கு தங்கம் என்கிறார். என் முதல் அத்தியாயமே இந்த யானைகள் மதுரையை விட்டு வடக்கே புறப்படுவதுதான். எத்தனை யானை என்று எழுதுவது?

அந்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சிவகாசி போயிருந்தேன். சிவகாசியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்த கரிசல் பூமி. 1922, 23இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின் மத்தாப்பு, மத்தாப்புக்குப் பின் பட்டாசு என்று ஊர் வளர்ந்தது. இன்றும் ஊருக்கு வெளியே போனால், வேப்ப மரங்களுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு எண்ணிட்ட சின்னச் சின்ன அறைகள் தெரியும். ஓர் அறை போனாலும் பக்கத்து அறை தப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவரை அறிமுகப்படுத்தி வைத்தார்கள். எண்பதைத் தாண்டியவர். பட்டாசுத் தொழிற்சாலைகளில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்ந்தவர். எல்லோரும் அவரை 'கணக்கண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஏதோ புத்தகம் எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டு, "இப்ப என்ன எழுதுதீய தம்பி?" என்று விசாரித்தார். பாரசீகச் சரித்திரம் என்றால் அவருக்குச் சுவாரஸ்யப்படாது என்று நினைத்து, வேடிக்கையாக ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, நீங்கள் நாற்பது வருஷம் பாரசீகத்தில்தான் கணக்கு எழுதியிருக்கிறீர்கள்" என்றேன்.

"என்னது?"

"வசூல், பாக்கி, ரசீது, தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் அந்த வழியாக வந்த சொற்கள். பத்திரத்தில் பசலி என்று எழுதுகிறோமே, அது மொகலாய ராஜ்யத்தில் வரி வசூலுக்காக ஏற்படுத்திய வருஷக் கணக்கு. அவ்வளவு ஏன், மத்தாப்பே பாரசீகச் சொல்தான். மஹ்தாப் என்றால் நிலா வெளிச்சம்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "நெலா வெளிச்சத்தையா இம்புட்டு வருசமா டஜன் கணக்குல வித்தோம்!" என்றார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. யானைச் சந்தேகத்தை அவரிடமே சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு கணக்கையும் ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல யாரு தம்பி முதல்ல எழுதினது?"

"512 என்று எழுதியவர். அந்த வருஷமே எழுதிவிட்டார். மற்றவர் நாற்பத்தாறு வருஷம் கழித்து, வயதான காலத்தில் ஞாபகத்திலிருந்து எழுதினார்."

"அப்ப முதல் ஆளு சிட்டையப் பாத்திருக்காரு. ரெண்டாவது ஆளுக்கு யாரோ பேரேட்டுலருந்து சொல்லியிருக்காங்க. பாருங்க, பன்னெண்டு ரெண்டுலயும் நிக்குது. நூறு எடத்துலதான் கை வழுக்கியிருக்கு. சிட்டையிலருந்து பேரேட்டுக்கு ஏத்தும்போது நடக்குற தப்புதான் இது. ஆனா, குதிர அப்படி இல்ல. அஞ்சாயிரம் இருவதாயிரமாவறது கை வழுக்கல் இல்ல, வாய் வழுக்கல். ஊருல பேசிப் பேசிப் பெருத்துருக்கு. தங்கம் இன்னும் மோசம்."

நான் அசந்து போனேன். பேராசிரியர்களின் புத்தகங்களில் தேடிக் கிடைக்காத ஒரு யோசனையை, திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டே ஒருவர் சொல்லுகிறார்! 'சரி, 512 யானைதான்' என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஆனைக்கும் குதிரைக்கும் கணக்கு இருக்கு. ஆளுக்கு எங்க கணக்கு?" என்று கேட்டார்.

கணக்கு இல்லை. ஆனால் மனிதர்கள் எங்கேயாவது தட்டுப்படுகிறார்களா என்றால், இபின் பதூதாவிடம் தட்டுப்படுகிறார்கள். மொராக்கோவிலிருந்து உலகம் சுற்ற வந்த அவர் 1340களில் மதுரைக்கு வந்தார். அரசவைச் சரித்திரக்காரர் அல்லர். பிற்காலத்தில் ஊர் திரும்பித் தமது பிரயாணங்களை அரபியில் சொல்லி எழுதச் செய்தவர். அப்போதைய சுல்தான் கியாசுதீன் தாம்கானியும் அவரும் ஒரே வீட்டில், ஜலாலுதீன் அஹ்சனின் வீட்டில், பெண் எடுத்தவர்கள். அந்த உறவுக்காரரைப் பற்றித்தான் அவர் எழுதுகிறார்: காட்டில் பிடித்த ஜனங்களைக் கழுவில் ஏற்றினான், பெண்களையும் குழந்தைகளையும் விடவில்லை, இப்படிப்பட்ட பாதகத்தை எந்த அரசனும் செய்து நான் அறிந்ததில்லை என்கிறார். ஹொய்சள அரசன் மூன்றாம் வல்லாளனை எண்பது வயதில் பிடித்துக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் பார்த்ததாகச் சொல்லுகிறார். ஒருநாள் சுல்தானோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்தார்கள். மூவரையும் வெட்டச் சொன்னான் சுல்தான். பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன.

பிறகு மதுரையில் கொள்ளைநோய் வந்தது. ஒரு பெண் எட்டு வயது மகனோடு அவரிடம் உதவி கேட்டு வந்தாள். முந்திய சுல்தானின் மந்திரி ஒருவரின் மனைவி அவள். இருவரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். மறுநாள் அவளே திரும்ப வந்தாள், மகனைப் போர்த்தத் துணி கேட்டு. அரண்மனையில் நெல் குத்த வந்திருந்த வேலைக்காரப் பெண்கள் நூற்றுக்கணக்கில் நோய் கண்டு வெயிலில் விழுந்து கிடந்தார்கள். சுல்தானின் தாயும் மகனும் இறந்தார்கள். கடைசியில் சுல்தானும் இறந்தான். பதூதாவுக்கும் காய்ச்சல் கண்டது; புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தேன் என்கிறார்.

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். புளி வைத்தியத்துக்குச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நெல்லு குத்த வந்த பிள்ளைகளுக்குப் பேரு இருக்கா?" என்றார்.

"இல்லை, அண்ணாச்சி."

"இருக்காது" என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கல்யாண வீட்டுச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அவராகவே சொன்னார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலை இப்போது இல்லை. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. அங்கேயே இறந்தவர்கள் போக, மேல் முழுதும் வெந்துபோன ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒன்பது நாள் கிடந்து செத்துப் போனாள். பதினெட்டு, பத்தொன்பது வயது. அவள் அந்தத் தொழிற்சாலையின் வேலையாள் அல்ல. வேலை செய்தவள் அவள் அக்காள். அக்காளுக்குக் காய்ச்சல். ஒரு நாள் கூலி போய்விடக்கூடாதே என்று தங்கை பதிலாளாக வந்தாள். போர்மேன் சரி என்று உள்ளே விட்டார். வருகைப் பதிவில் அக்காள் பெயருக்கு நேரே கோடு போட்டவர் இந்தப் பெரியவர்தான்.

"வெசாரணைக்கு அதிகாரி வந்தாரு தம்பி. பதிவ விரிச்சு வச்சு, இந்தப் பேருல யாராவது வேல பாத்தாங்களான்னு கேட்டாரு. மொதலாளி என்னையப் பாத்தாரு. ஒண்ணுஞ் சொல்லல, சும்மா பாத்தாரு. எனக்கு அப்ப மூணு பொட்டப் பிள்ளைக. பதிவுல இல்லங்கய்யான்னு சொன்னேன்."

நான் பேசவில்லை.

"பொய் சொல்லல தம்பி. பதிவுல இல்லதான."

செத்தவர்களின் குடும்பங்களுக்கு வந்த நஷ்டஈடு அந்தக் குடும்பத்துக்கு வரவில்லை. அக்காள் பிறகு வேலைக்கு வரவேயில்லை. அதே பதிவுப் புத்தகத்தில் மறுவாரம் இன்னொரு பெயர் ஏறிற்று.

மறுநாள் காலை புறப்படுவதற்கு முன் அவர் என்னைத் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அட்டை கழன்று நூலால் கட்டியிருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் அந்தப் பெண்ணின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி, அறை எண். கணக்குப் பிள்ளையின் அழகான கையெழுத்து. அதற்குப் பின் வேறு பெயர்கள். பதிவில் ஏறாமல் போனவர்கள், அல்லது ஆஸ்பத்திரியில் நாள் கடந்து செத்ததால் பத்திரிகைக் கணக்கில் சேராதவர்கள் என்று தமக்குத் தெரிய வந்தவர்களை எல்லாம் குறித்து வைத்திருக்கிறார். வேறு தொழிற்சாலைகளில் நடந்தவையும் இருந்தன. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த பெரிய விபத்துக்கு மட்டும் இரண்டு பக்கம். அதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து உதவ ஓடி வந்தவர்களும் அதில் சேர்ந்து போனார்கள். அவர்கள் எந்த வருகைப் பதிவிலும் இருக்க நியாயமில்லை அல்லவா?

"இத யாருட்டயும் காட்டினது இல்ல. வச்சுக்கிட்டு என்ன செய்யன்னும் தெரியல" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பரணியின் ஞாபகமே வந்துகொண்டிருந்தது. அந்த மனிதரை எனக்கு முன்பு பிடிக்காது. தாழ்ந்த குலத்தார் படிக்கக்கூடாது, சரித்திரம் மேன்மக்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதியவர் அவர். எங்கள் ஊர்க் கடைத்தெருவையும் இந்தக் கணக்கண்ணாச்சியையும் கண்டிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். ஆனால் அவர் எழுதியவற்றில் ஓர் இடம் உண்டு. பதினேழு வருஷம் முகம்மது பின் துக்ளக்கின் அருகில் இருந்தவர். அந்தச் சுல்தான் ஜனங்களைக் கொன்று குவித்தபோது, படித்தவர்களாகிய நாங்கள் பணத்தாசையாலும் பயத்தாலும் வாய் திறக்கவில்லை, அவன் செய்ததற்கு ஆமாம் போட்டோம் என்று எழுதி, இப்போது முதுமையில் தாம் படும் அவமானமும் வறுமையும் அதற்குத் தண்டனை என்கிறார். துக்ளக் இறந்த பிறகு அவரைச் சிறையில் வைத்தார்கள். பதவியும் சொத்தும் போயின. வெளியே வந்து எழுதினார். அவர் செத்தபோது பாடையில் விரிக்க ஒரு பாய்தான் இருந்ததாம். குதிரையின் தொகையில் தவறியவர், தம்முடைய இந்த ஒரு பாக்கியைக் குறைத்து எழுதவில்லை.

என் நாவலின் கதாநாயகன் ஒரு தமிழ் இளைஞன். சுல்தானின் கொடுமையைக் கண்டு பொங்கி, காட்டில் படை திரட்டி, குமார கம்பணனோடு சேர்ந்து மதுரைக்குள் வெற்றியோடு நுழைகிறான். நடுவில் ஒரு காதலும் உண்டு. வீடு வந்து நோட்டுகளைப் பிரித்துப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாசகர்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் அதுவும் இன்னொரு வெற்றிப் பாட்டு என்று தோன்றிற்று. நெல் குத்திய பெண்கள் அதில் இல்லை. மகனுக்குத் துணி கேட்டு வந்த அந்த முஸ்லிம் பெண் இல்லை. அவளைச் சேர்த்தால் என் கதாநாயகனின் வீராவேசம் குறைந்துவிடும். சேர்க்காவிட்டால் நானும் பதிவில் இல்லை என்று சொன்னவன் ஆவேன். அவர்களுக்குப் பொய்ப் பெயர் வைத்து எழுதலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நாவலாசிரியனின் தொழிலே அதுதான். வேறு நாவல்களில் அதைத்தான் செய்திருக்கிறேன், இனியும் செய்வேன். அந்த நோட்டைப் பார்த்து வந்த கையோடு மட்டும் செய்ய முடியவில்லை. கயிற்றால் கட்டிப் பரணில் போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை சிவகாசி போய் அவரைப் பார்த்தேன். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா அந்தப் பிள்ள பேரு வேண்டாம். அக்கா இருக்கா, பேரன் பேத்தி எடுத்துட்டா. பத்திரிகையில பாத்தா அவ மனசு என்ன ஆகும்?" என்றார். ஆகவே பெயரை நான் எழுதவில்லை.

இரண்டாம் முறை போனபோது அவர் அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, "ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடுங்க தம்பி. ஒரே சிட்டைய நம்பக்கூடாது" என்றார். எடுத்து வைத்திருக்கிறேன். இயந்திரத்தில் கொடுக்க மனம் வரவில்லை; என் கையாலேயே இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு தேதியில் மட்டும் பிழை இருந்தது. திருத்தினேன்.